மரப்பாலத்தடியில் ஏழு பொய்மீன்கள்

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு தூண்டில் சாமான் கடைக்குள் நுழைந்தேன். பேத்திக்கு நோட்டு வாங்கத்தான் கடைத்தெருவுக்கு வந்தது. அந்தக் கடை வாசலில் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த பொய்மீன்களைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. நிஜமீன் போலவே செதில், கண், வயிற்றில் இரண்டு தூண்டில் முள். கடைக்காரர், "யாருக்கும்மா, பேரப் புள்ளைக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "சேத்துத் தண்ணிக்கு இந்த வெள்ளையெல்லாம் எடுக்காது. கறுப்புல இருக்கா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவரும் சிரிக்கவில்லை.

அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். அத்தா வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் நாள் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். பெட்டியைத் திறக்கிறபோது சோப்பும் அத்தரும் புதுத்துணியும் கலந்து ஒரு வாசனை வருமே, தெருவே வந்து வாசலில் நிற்குமே. எங்கள் வீட்டில் அந்த வாசனை வராத வருடம் ஒன்று உண்டு. எனக்கு அப்போது பதினொரு வயது.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. அத்தா சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்தார். தை மாதம் பாதியில், முன்கூட்டி ஒரு கடிதம்கூட இல்லாமல், வாடகைக் காரில் வந்து இறங்கினார். வலது கை முழங்கைக்குக் கீழே ஒல்லியாகி, தோல் பளபளவென்று இருந்தது. விரல்கள் மடங்கவில்லை. சரக்குத் தூக்கும்போது சங்கிலி அறுந்து விழுந்ததாம். அவ்வளவுதான் சொன்னார். நடு அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பிட எழுந்திருப்பார், தொழ எழுந்திருப்பார், மறுபடியும் சுவர்.

கூட வந்தது ஒரு தோள்பையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னும்தான்.

மூன்றாம் நாள் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முன்னால் மாமா அந்த டின்னைத் திறந்தார். மாமா அம்மாவுக்கு அண்ணன். துறைமுகத்தில் கயிற்றுக் கடை வைத்திருந்தார். உள்ளே நியூஸ் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி ஏழு சாமான்கள். ஒரு பச்சை மரமீன். சிவப்பு நகப்பாலிஷ் பூசின இன்னொரு மரமீன். மஞ்சள் டூத் பிரஷ்ஷின் காம்பை வெட்டி வளைத்து முள் மாட்டினது. காம்பு அறுத்த எவர்சில்வர் கரண்டி, நுனியில் ஓட்டை போட்டு முள் தொங்கவிட்டது. ஈயக்குண்டில் கட்டின வெள்ளைச் சேவல் இறகு. சைக்கிள் டியூபைக் கிழித்து வால் மாதிரி இரண்டாகப் பிளந்த கறுப்பு ரப்பர். கடைசியாக, நடுவில் மடங்குகிற தகர மீன் ஒன்று. அதை ஆட்டினால் பாம்பு போல நெளியும்.

மாமா கரண்டியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "என்னா மச்சான் இது? மூணு வருசம் சிங்கப்பூர்ல சம்பாதிச்சது இதுதானா?"

சுவர்ப்பக்கமிருந்து அத்தா சொன்னார்: "மூடி வையி."

"வேலைக்குப் போனாரா, தூண்டி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரான்னு தெரியலியே. இதுல எந்த மீனு வந்து மாட்டும்? கண்ணு தெரியாத மீனுதான் மாட்டும்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டாள். அத்தா திரும்பவேயில்லை. எனக்கு மாமாவின் மேல் வந்த கோபத்தைவிட, திரும்பாத அந்த முதுகின் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை பதில் சொல்லக்கூடாதா?

ஒரு வாரத்துக்குள் அந்தப் பேச்சு தெருவுக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டது. "பொம்மை மீனு வீட்டுப் பொண்ணு" என்று வகுப்பில் ஒருத்தி கூப்பிட்டாள். அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்தேன். அந்த ஏழில் ஒன்றை வைத்து ஒரு பெரிய மீன் பிடித்து, மாமாவின் கயிற்றுக் கடைப் பலகைமேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். முள் வாயில் மாட்டினபடியே வைக்க வேண்டும். அத்தாவிடம் கேட்கவில்லை. கேட்டால் மூடி வை என்பார்.

*

எங்கள் பக்கத்து மரப்பாலத்தை இப்போது தேடிப் போனால் கிடைக்காது. உப்பனாற்றில் படகுகள் கட்டுவதற்காகத் தூண் நட்டுப் பலகை அடித்து, கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டியிருந்த துறை அது. தூண்களில் ஆள் உயரத்துக்குச் சிப்பி ஒட்டியிருக்கும். படகு இடிக்காமலிருக்கப் பழைய லாரி டயர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதை ஒட்டி ஐஸ் கம்பெனி. டீசல் நாற்றம், கருவாட்டு நாற்றம், ஐஸில் போடுகிற உமி, கடல் தண்ணீர் உள்ளே ஏறும்போது அடிக்கிற குளிர்ந்த பச்சை வாசனை, இவை எல்லாம் கலந்துதான் எனக்கு அந்த இடம்.

ஐஸ் கம்பெனி வாட்ச்மேனின் மகள் என் வகுப்பு. பாலத்தின் ஒவ்வொரு பலகையும் அவளுக்குத் தெரியும். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சைக்கிள் டியூபைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பொய்மீனு" என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரே நிலைத்தது.

எங்களிடம் தூண்டில் கோல் கிடையாது. பால்பவுடர் டின்னில் நைலான் நரம்பைச் சுற்றி, ஒரு கையில் டின்னைப் படுக்கவைத்துப் பிடித்து, மறு கையால் பொய்மீனைச் சுழற்றி வீசினால் நரம்பு சுற்றுப் பிரிந்து கூடவே போகும். தினமும் பள்ளி விட்டதும், அத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது, கட்டிலடியில் இருந்த பிஸ்கட் டின்னிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு போவேன். இருட்டுவதற்குள் திருப்பி வைத்துவிட வேண்டும் என்பது திட்டம்.

முதல் நாளே கரண்டி போய்விட்டது. ஆற்றின் நடுவில் போட்டால்தான் மீன் இருக்கும் என்று முழு பலத்தோடு வீசினேன். கரண்டி தண்ணீருக்குள் மினுக்கிக்கொண்டு இறங்கியது, எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது, இழுக்க மறந்துவிட்டேன். அடியில் கிடந்த ஏதோ கயிற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். நரம்பு அறுந்தது.

"போச்சா?" என்றாள் தோழி.

"போச்சு."

"உங்க அத்தா கேட்டா?"

"மீனோட போனா கேக்கமாட்டாரு."

காலி நியூஸ் பேப்பரைக் கரண்டி அளவுக்கு மடித்து டின்னுக்குள் வைத்தேன். மற்றவை போனபோதும் அதையேதான் செய்தேன்.

பச்சை மரமீன் அதைவிட மோசம். எதிரில் கட்டியிருந்த தோணியின் நங்கூரக் கயிற்றில் போய்க் கொத்திக்கொண்டது. மறுநாள் எப்படியாவது ஏறி எடுத்துவிடலாம் என்று நினைத்துப் போனால், தோணி கிளம்பிவிட்டது. என் மரமீன் கயிற்றோடு கடலுக்குப் போனது. நான் அழவில்லை, ஆனால் இரண்டு நாள் பாலத்துப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது வீசாமல், வெறுமனே குப்புறப் படுத்துப் பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் கொஞ்சம் புரிந்தது. நாங்கள் மீன் தேடிக்கொண்டிருந்த இடத்தில் பெரிய மீன் இல்லை. வெயில் விழுகிற தண்ணீரில் குஞ்சுமடவைகள் மட்டும் கூட்டமாகத் திரிந்தன. எங்களுக்கு நேர் கீழே, பாலத்தின் நிழல் விழுகிற இடத்தில், தூணை ஒட்டி, தண்ணீர் ஓட்டத்துக்கு எதிரே தலை வைத்து ஒன்று நின்றுகொண்டிருந்தது. அசையவேயில்லை. முதலில் கட்டை என்று நினைத்தேன். ஒரு மடவைக் குஞ்சு நிழலின் விளிம்பைத் தாண்டியது. 'டப்' என்று ஒரு சத்தம், கதவைச் சாத்தின மாதிரி. மடவைக் குஞ்சைக் காணோம். கட்டை திரும்பவும் கட்டையாக நின்றது.

"கொடுவா" என்றாள் தோழி காதுக்குள். "ஐஸ் தண்ணி வர்ற எடத்துல சின்ன மீனு கூடும். அதத் திங்க வந்திருக்கு."

அப்புறம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாலத்தை வரைந்து, எந்தத் தூணின் நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்தேன்; பொய்மீன் மாட்டின இடங்களிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். பெருக்கில் கடல் தண்ணீர் உள்ளே ஏறும்போது கொடுவா கடல் பக்கம் பார்த்து நிற்கும். வத்தத்தில் அது வடிந்து இறங்கும்போது ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதன் முகத்துக்கு நேராகப் போட்டால் ஓடிவிடும். முன்னால் தள்ளிப் போட்டு, தண்ணீரே இழுத்துவருகிற மாதிரி நிழல் ஓரமாகக் கொண்டுவர வேண்டும். கடல் தண்ணீர் தெளிவாக ஏறி நிற்கிற நேரத்தில் வெள்ளை இறகு எடுபட்டது. கெடிலம் ஆற்றிலிருந்து கலங்கல் வந்துவிட்டால் வெள்ளை தெரியவே தெரியாது. இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பிடிக்க வந்த பெரியவர்கள் எல்லாம் இறால் குத்தித் தூண்டில் போடுகிறவர்கள். எங்கள் பொய்மீனைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள்.

வெள்ளை இறகுக்கு ஒருநாள் நிஜமாகவே மீன் வந்தது. வெள்ளி மின்னல் மாதிரி ஒரு நீள மீன், சீலா. கடித்த வேகத்தில் நரம்பைப் பல்லால் அறுத்துக்கொண்டு போய்விட்டது. இறகும் போனது. ஆனால் அன்று நாங்கள் இரண்டு பேரும் வருத்தப்படவில்லை. வீடு வரைக்கும் ஓடினோம். மாமா சொன்னது பொய். கண் தெரிகிற மீனும் வந்து கடிக்கிறது.

மாசி முடிவதற்குள் சிவப்பு மரமீன் டயருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மஞ்சள் டூத் பிரஷ் பாலத்தடியில், கைக்கு எட்டாத குறுக்குக் கட்டையில் கொத்தி நின்றது. பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தால் மஞ்சளாகத் தெரியும். எடுக்க முடியாது. ஏழில் ஐந்து போய், கறுப்பு ரப்பரும் தகர மீனும்தான் மிச்சம்.

அந்த வாரம் மாமா அத்தாவைச் சிதம்பரத்துக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தார். கையைப் பழக்கினால் ஓரளவு வரும், மற்றபடி உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாமா சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "ஒண்ணும் இல்லியாம். படுத்தே பழகிட்டாரு. கை போனா ஆளே போயிட்டாரா? இப்பிடியே வுட்டா நீதான் கஷ்டப்படணும்."

அம்மா, "மெதுவாப் பேசுண்ணே" என்றாள்.

நானும் அப்போது மாமா சொன்னதை நம்பினேன். அதை இன்று ஒத்துக்கொள்ள வேண்டும். அத்தா சோம்பேறியாகிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவருக்கும் சேர்த்து நான் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று பாலத்துக்குப் போனேன்.

*

கொடுவா நின்றுகொண்டிருந்தது பாலத்துக்கு நடுவில், இரண்டு தூண் வரிசைக்கு உள்ளே. மேலிருந்து போட்டால் பலகை தடுக்கும், பக்கத்திலிருந்து வீசினால் குறுக்குக் கட்டையில் மாட்டும். ஓட்டாஞ்சில்லைப் படுக்கவைத்து எறிந்தால் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகுமே, நாம் எல்லோரும் குளத்தில் விட்டதுதான், ஒருநாள் அது ஞாபகம் வந்தது. ரப்பர் தட்டையாக இருக்கிறது. அதையும் அப்படி விட்டால் என்ன?

முள்ளை எடுத்துவிட்டு வெறும் ரப்பர் துண்டை வைத்துக் கரையிலிருந்து பழகினோம். பத்து நாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகி, இடுப்பளவு குனிந்து, கையைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி வீச வேண்டும். முதலில் இரண்டு தத்துத் தத்தி மூழ்கியது. பிறகு மூன்று, நான்கு. பிறகு நேராகப் பாலத்தடி இருட்டுக்குள் போய் விழுந்தது.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து தெரு அடங்கின பிற்பகல். வத்தம் பாதி இறங்கியிருந்தது. தண்ணீர் டீ மாதிரி கலங்கல். கறுப்பு ரப்பருக்கு முள்ளைத் திரும்ப மாட்டினேன். இரண்டாவது வீச்சில் அது தத்திக்கொண்டே உள்ளே போனது. இழுக்கவில்லை. மூச்சை எண்ணி மூன்று வரை விட்டேன். பிறகு ஒரு சாண் இழுத்தேன். மறுபடி விட்டேன்.

டப்.

நரம்பு என் ஆள்காட்டி விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. தூணைச் சுற்றிவிட்டால் சிப்பியில் அறுந்துவிடும் என்று தெரியும், அதனால் நான் தண்ணீருக்குள் இறங்கி, மார்பளவு வரை போய், வெளிப்பக்கமாகவே இழுத்தேன். அது ஆற்றுக்குள் ஓடி ஒருமுறை முழுசாக எழும்பித் தலையை உதறியது. வாய் ஓரத்தில் கறுப்பு வால் தொங்கியது. தோழி ஐஸ் கட்டி இழுக்கிற கொக்கியைக் கம்பெனியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"விடாத. விட்டன்னா உங்கூடப் பேசமாட்டேன்" என்றாள்.

கரையில் போட்டபோது அது என் இடுப்புவரை நீளம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டோம்.

கயிற்றுக் கடை வெள்ளிக்கிழமை பிற்பகல் மூடியிருந்தது. அதனால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா வாயில் கை வைத்தாள். நான் நேராக நடு அறைக்குப் போய், அத்தாவின் கட்டில் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் மீனைப் போட்டேன். பொத்தென்று விழுந்தது.

அத்தா திரும்பினார். மீனைப் பார்த்தார். அதன் வாயில் தொங்கின ரப்பரைப் பார்த்தார். முகம் மலரும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"டின்ன எடு."

எடுத்தேன். இடது கையால் ஒவ்வொரு காகிதமாகப் பிரித்தார். காலி. காலி. காலி. கடைசியில் தகர மீன் மட்டும் இருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தரையில், மீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது என்னுது இல்லம்மா" என்றார்.

*

அவர் சொன்னதை அம்மாவும் நானும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டோம்.

சிங்கப்பூரில் அவருடைய அறையில் கூட இருந்தவர் குமராட்சிக்காரர். கொள்ளிடக்கரை விவசாயக் குடும்பம். "மாப்ள, மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவோம். நோம்பு நாள்ல விடியறதுக்கு முன்னால சஹருக்குச் சாப்பிட என்னய எழுப்பி விடறது அவந்தான். அலாரம் வச்சிக்கிட்டு அவன் எந்திரிப்பான்." பட்டறையில் தூக்கிப் போடுகிற மரத்துண்டு, உடைந்த கரண்டி, பழைய டியூப் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து சாயங்காலங்களில் செதுக்கிக்கொண்டே இருப்பாராம். "அங்க நாங்க வேல செய்யற எடத்துல தூண்டி போடக்கூடாது. புடிச்சா ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஒரு நாள்கூட ஒண்ணயும் தண்ணியில வுட்டுப் பாக்கல. ஊருக்குப் போயி கொள்ளிடத்துல வுடணும் மச்சான்னு சொல்லிக்கிட்டே இருப்பான்."

சங்கிலி அறுந்த அன்று கீழே இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். அத்தாவுக்குக் கை. அவருக்கு உயிர்.

"அவங்க வீட்டுக்கு யாரு சொன்னது?" என்று அம்மா கேட்டாள்.

"கம்பெனி தந்தி குடுத்துச்சு."

"நீங்க வந்து ரெண்டு மாசம் ஆவுது. ஏன் போவல?"

அத்தா மீனைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னிக்கி அவனுக்கு லீவு. ஆளு கொறையுதுன்னாங்க. நாந்தான் வாடா மச்சான்னு கூட்டிட்டுப் போனேன். அத அவன் பொஞ்சாதிகிட்ட எப்பிடிப் போயி சொல்றது?"

அம்மா அதிகம் பேசாதவள். அன்று பேசினாள். "சொல்லித்தான் ஆவணும். ஆனா அதுக்கு முன்னால பொருள முடிஞ்ச வரைக்கும் முழுசாக்கிக் கொண்டு போவணும்." என் பக்கம் திரும்பினாள். "எங்கெங்க போச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன்.

அந்த மீனை அம்மா குழம்பு வைத்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவின் கடைப்பலகைக்கு அது போகவேயில்லை.

பௌர்ணமியன்று தண்ணீர் நன்றாக வற்றும். அன்று காலையில் மாமா கடையைத் திறக்காமல் கயிறும் அரிவாளும் எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தார். அம்மா அவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடையளவு சேற்றில் இறங்கினார். சிப்பி கிழித்துக் காலில் ரத்தம் வந்தது. அத்தாவும் வந்திருந்தார். வீட்டை விட்டு அவராக வெளியே வந்தது அன்றுதான். பாலத்தின் மேல் என் நோட்டைக் காலடியில் விரித்து வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி, "இன்னும் ரெண்டு தூணு தள்ளி மச்சான், அங்கதான், கட்டைக்கு மேல" என்று காட்டினார்.

மஞ்சள் டூத் பிரஷ் முதலில் கிடைத்தது. டயரைத் தூக்கி சிவப்பு மரமீனை எடுத்தோம், நகப்பாலிஷ் பாதி உரிந்திருந்தது. கரண்டிக்காக மாமா ஒரு மணி நேரம் சேற்றைக் காலால் துழாவினார். கடைசியில் பழைய கயிற்றுப் பந்து ஒன்றை வெளியே இழுத்துப் போட்டார். அதற்குள் கரண்டி, சேறு அப்பிக் கறுப்பாக.

பச்சை மரமீனும் வெள்ளை இறகும் வராது என்று எனக்குத் தெரியும். மாமா கரையேறி, அத்தா பக்கத்தில் நின்று, "தப்பாப் பேசிட்டேன் மச்சான்" என்றார். அத்தா அவர் காலில் வடிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "மொதல்ல அதக் கழுவு" என்றார்.

*

மறுநாள் அத்தாவும் நானும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து குமராட்சிக்கு இன்னொரு பஸ் பிடித்தோம். பிஸ்கட் டின் என் மடியில் இருந்தது, நரம்பு சுற்றின பால்பவுடர் டின் என் பையில். அத்தா வழியில் ஒருமுறை மட்டும் பேசினார்: "காணாமப் போன ரெண்டையும் நீதான் சொல்லணும். மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்."

அறுவடை முடிந்த வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் போய்ச் சொன்னதும் இறந்தவரின் மனைவி வரப்பில் ஏறி வந்தார். மெலிந்த உருவம், தலையில் சும்மாட்டுத் துணி, கையெல்லாம் மண். அத்தா, "தங்கச்சி" என்று தொடங்கினார். மச்சான் என்று கூப்பிட்டவரின் மனைவி தங்கச்சிதானே. எனக்கு அவர் மாமி.

வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து அத்தா எல்லாவற்றையும் சொன்னார். லீவு நாள் என்பதையும், தான் கூப்பிட்டதையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. மாமி முந்தானையால் கையில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார், மண் போன பிறகும் துடைத்தார்.

"நீங்க கூப்புடலன்னாலும் போயிருப்பாருண்ணே" என்றார். "லீவுலயும் வேலைக்குப் போறேன், சீக்கிரம் வந்துர்றேன்னு லெட்டர்ல எழுதியிருந்தாரு."

அப்படி ஒரு கடிதம் இருந்ததா, அத்தாவுக்காக அந்த நிமிடத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கடுத்த மாதம் இடது கையால் எழுதப் பழகி, மாமாவின் கடையிலேயே உட்கார ஆரம்பித்தார்.

நான் டின்னைத் திறந்து வைத்தேன். "ஏழு இருந்துச்சு மாமி. ரெண்ட நான் தொலைச்சிட்டேன். ஒண்ணு தோணியோட போயிருச்சு. ஒண்ண சீலா அறுத்துக்கிட்டுப் போயிருச்சு."

மாமி ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தகர மீனை ஆட்டினார். கறுப்பு ரப்பரைத் தொட்டவர், அதில் பதிந்திருந்த சொரசொரப்பைத் தடவினார்.

"இது என்னா?"

"கொடுவா கடிச்சது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதையா? மீனு கடிச்சுதா?"

"கடிச்சுது மாமி. என் இடுப்பு உசரம். நான்தான் புடிச்சேன்."

"வெளையாட்டுக்குச் சொல்லாத பாப்பா."

விரலில் இருந்த காயத்தைக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "அவரு லெட்டர்ல எழுதுனப்ப இங்க எல்லாருமே சிரிச்சாங்க. பொம்ம செஞ்சிக்கிட்டு இருக்கான்னு. நானும் சிரிச்சித்தான் எழுதுனேன்" என்றார். பிறகு, "மொதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

சொன்னேன். நிழல், தூண், கலங்கல், தத்தவிடுவது, மூச்சை எண்ணுவது எல்லாம் சொன்னேன். முடித்ததும் மறுபடியும் சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை பாதியிலேயே எழுந்து, சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "வா" என்றார்.

கொள்ளிடம் பங்குனியில் மெலிந்து, மணலுக்கு நடுவே ஒரு ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தா மணலில் உட்கார்ந்துகொண்டார். நான் நரம்பு சுற்றின பால்பவுடர் டின்னை மாமியின் கையில் கொடுத்து, எப்படிப் படுக்கவைத்துப் பிடிப்பது என்று காட்டினேன். மாமி கரண்டியைத் தேர்ந்தெடுத்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது, அது சரிதான். முதல் வீச்சு அவர் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது பின்னால் போய்ப் புல்லில் மாட்டியது. மூன்றாவதுக்கு நரம்பு சிக்கலாகிவிட்டது. நான் சிக்கலெடுக்கக் கை நீட்டினேன். "இரு, நானே எடுக்கறேன்" என்று மணலில் மண்டியிட்டு, ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்து, திரும்பவும் டின்னில் சுற்றினார்.

வெயில் இறங்குகிற வரைக்கும் வீசினார். ஒரு கெளுத்திகூட வரவில்லை. அத்தா எழுந்து மணலைத் தட்டி, "தங்கச்சி, கடைசி பஸ் போயிடும்" என்றார்.

"நீங்க கெளம்புங்கண்ணே" என்றார் மாமி, திரும்பாமலே. கையைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, மறுபடியும் வீசினார்.